வேலிக்காலுக்கு எந்த மரம் நிலைத்து நிற்கும்?

3 ஜூன் 2022 – வாசகர் கேள்வி

தாராபுரம் பக்கம் மூன்று ஏக்கர் மேட்டுக்காடு வாங்கியிருக்கிறேன். சுற்றிலும் முள்கம்பி இழுக்க வேண்டும். கல்கால் விலை கட்டுப்படியாகவில்லை. வேம்பு கசப்பு மரம், கரையான் அண்டாது, வேப்பங்கட்டையையே நட்டுவிடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அது சரிதானா? இருபது ஆண்டு நிற்கக்கூடிய மரம் எது?

3 ஜூன் 2022, இரவு

மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். பெரும்பாலான மரங்களில் நடுவில் நிறம் கறுத்து இறுகிய வைரமும், அதைச் சுற்றி வெளுத்த வெள்ளையும் இருக்கும். உயிரோடு நிற்கும்போது நீரை ஏற்றுவதும் மாவுச்சத்தைச் சேர்த்து வைப்பதும் வெள்ளைதான். அதனால் வெட்டிய பிறகு மரத்தைத் துளைக்கும் உளுவுக்கும் கரையானுக்கும் பூசணத்துக்கும் முதலில் இரையாவதும் அதுவே. வைரம் ஏறும்போது அந்த மாவுச்சத்து தீர்ந்து, பூச்சிக்கும் பூசணத்துக்கும் ஒவ்வாத பொருள்கள் மரத்தின் நாளங்களில் படிகின்றன. மரத்துக்கு மரம் மாறுபடுவது இந்தப் படிவின் தன்மையும் அளவும்தான். வெள்ளையைப் பொறுத்தவரை தேக்கும் ஒன்றுதான், முருங்கையும் ஒன்றுதான். மண்ணுக்குள் இரண்டுமே நிற்காது.

ஆகவே வேம்பு நல்லதா என்ற கேள்விக்கு என் பதில் இது. கை பிடிக்கும் பருமனுள்ள வேப்பங்கிளையை வெட்டி நட்டால் அது ஏறக்குறைய முழுவதும் வெள்ளை. இலையிலும் விதையிலும் உள்ள கசப்பு அந்தக் கட்டையைக் காப்பாற்றாது. எங்கள் பக்கத்தில் அப்படி நட்ட வேப்பங்கால்கள் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் மண்மட்டத்தில் செல்லரித்துச் சாய்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வயது முதிர்ந்த வேம்பின் அடிமரத்தைப் பிளந்து வைரத்தை மட்டும் எடுத்து நட்டால் கணக்கு வேறு. ஆனால் அவ்வளவு நல்ல மரத்தை மண்ணில் புதைப்பதைவிட நிலைப்படிக்குக் கொடுப்பதே தகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

5 ஜூன் 2022

கால் எங்கே சாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தின் பழைய வேலியைப் பிரித்தபோது பெரும்பாலான கால்கள் ஒரே இடத்தில் ஒடிந்தன: மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்குள். மேல்பாதி உறுதியாக இருந்தது. இன்னும் ஆழத்தில் புதைந்திருந்த அடிப்பகுதியும் பல கால்களில் கெடாமல் இருந்தது.

பூசணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது இற்றுப்போவதில்லை. மண்ணுக்கு மேலுள்ள பகுதி வெயிலில் காய்ந்து அந்த அளவுக்குக் கீழேயே நிற்கிறது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று போதாது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அந்த ஒரு சாண் பட்டையில்தான். கரையானும் புற்றிலிருந்து மண்வழியே வந்து ஏறத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். எனவே மரம் தேர்வது, பருமன் தேர்வது, நடும் முறை எல்லாமே அந்த ஒரு சாணை மனத்தில் வைத்துச் செய்ய வேண்டியவை.

6 ஜூன் 2022

பெயர்ப்பட்டியல் வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வறண்ட நாட்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலிடம் ஆச்சாவுக்கு. சேலம், தர்மபுரி பக்கத்து வறண்ட காடுகளில் வளர்வது. இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் ஒன்று. அதன் வைரம் நீரில் போட்டால் மூழ்கும். நரசிங்கம்பேட்டையில் நாதசுரம் கடைவது இந்த மரத்தில்தான். அங்கே புதிதாக வெட்டிய மரத்தை நாடாமல், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நெடுநாள் காய்ந்த ஆச்சாக் கட்டைகளையே தேடி வாங்குகிறார்கள். அந்த மரத்தை முழு வேலிக்கும் நடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய உத்திரத் துண்டு கையில் இருந்தால் மூலைக்காலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கருவேலம். வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் பயன்பட்ட மரம். செம்பழுப்பான வைரம் நன்றாக உழைக்கும். வெள்ளையை மட்டும் செதுக்கி எறிந்துவிட வேண்டும். வெட்டிய சில வாரங்களிலேயே அதில் உளு விழுந்து மாவு கொட்டத் தொடங்கிவிடும். வெட்டிய கட்டையைக் குளத்திலோ கிணற்றிலோ ஊறப்போட்டு எடுக்கும் பழைய வழக்கம் இதற்காகத்தான்.

தேக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இன்று வேலிக்கால் என்று விற்கப்படுவது தோட்டத்தில் களைந்தெடுத்த இளந்தேக்கு. வெட்டுமுகத்தில் வைரம் ஒரு ரூபாய் நாணய அளவே இருக்கும். தேக்கின் பெயருக்காக அதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

சீமைக்கருவேலத்தின் வைரம் பலர் நினைப்பதைவிட நல்லது. அதன் உறவு மரங்களை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணைகளில் நெடுங்காலமாக வேலிக்கால்களாக நட்டு வருகிறார்கள். நம் ஊரில் விறகுப் பருமனில் வெட்டுவதால் அதன் வைரத்தை யாரும் பார்ப்பதேயில்லை. அடிமரம் தொடை பருமன் உள்ளதாகத் தேடிப்பிடித்தால், இலவசமாகக் கிடைக்கும் மரங்களில் இதுவே முதன்மையானது.

சவுக்கு, தைலமரம், மூங்கில் மூன்றையும் பந்தற்காலாகவும் சாரமாகவும் மட்டும் எண்ணுங்கள். பச்சை மூங்கிலை அப்படியே மண்ணில் நட்டால் ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

6 ஜூன் 2022, சற்று நேரம் கழித்து

பனையை விட்டுவிட்டீர்களே என்று தூத்துக்குடி அன்பர் நினைவூட்டியிருக்கிறார். பனையில் வைரம் தலைகீழாக அமைந்திருக்கும்: மற்ற மரங்களுக்கு நடுவே வைரம், பனைக்கு வெளிச்சுற்றே வைரம், உள்ளே சோறு. முதிர்ந்த பனையின் கறுத்த வெளிச்சுற்றைப் பிளந்து, உட்சோற்றை ஒட்டச் செதுக்கி நட்டால் நிற்கும். செதுக்காமல் விட்டால் கரையான் உட்பக்கத்தைக் குடைந்து வெறும் ஓட்டை நிறுத்திவைக்கும். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. நான் அதை மனமார வரவேற்கிறேன். வேலிக்காக நிற்கும் பனையை வெட்டாதீர்கள். பழைய கூரை பிரித்த கைமரம் கிடைத்தால் போதும்.

9 ஜூன் 2022

"இவையெல்லாம் அனுபவக் கணிப்புகள், சோதனை உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. 1906இல் நிறுவப்பட்ட டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரத்தின் வைரத்தை ஏறத்தாழ இரண்டு அங்குலச் சதுரமுள்ள முளைகளாக அறுத்து மண்ணில் பாதியளவு புதைத்து, எத்தனை மாதத்தில் இற்றுப்போகின்றன என்று பார்த்தார்கள். சராசரியாக 120 மாதமோ அதற்கு மேலோ நின்றவை முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம்வரை இரண்டாம் வகுப்பு. அதற்கும் குறைந்தவை மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பில் வருகிறது. மாவும் இலவமும் மூன்றாவதில் வருகின்றன.

11 ஜூன் 2022

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "முதல் வகுப்பே பத்து ஆண்டுதானா?" என்று கேள்வி கேட்டவர் சோர்ந்துபோயிருக்கிறார். அந்த எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை விளக்காமல் விட்டேன். அது இரண்டு அங்குல முளைக்கான ஆயுள். மரம் வெளியிலிருந்து உள்நோக்கித்தான் இற்றுப்போகிறது. ஆறு அங்குலப் பருமனுள்ள வைரக்கட்டையில் அதே அழிவு நடுவை எட்டுவதற்குப் பல மடங்கு காலம் பிடிக்கும். மண்ணும் சேர்ந்து முடிவு செய்கிறது. நீர் தங்காத சரளைச் செம்மண்ணில் நிற்கும் காலுக்கும், மழையில் குழைந்து கோடையில் வெடிக்கும் கரிசலில் நிற்கும் காலுக்கும் ஒரே ஆயுளைச் சொல்ல முடியாது. வகுப்பை ஆண்டுக்கணக்காகப் படிக்காதீர்கள், மரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1920களின் பிற்பகுதியில் வேலிக்கால்களுக்கென்றே ஒரு சோதனை நிலத்தைத் தொடங்கி, பல மரங்களின் கால்களை முழு அளவில் நட்டுப் பல பத்தாண்டுகள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துப் பதிவு செய்தார்கள். அங்கேயும் மருந்தேற்றாமல் நீடித்தவை வைரம் மிகுந்த சில மரங்கள்தான். மற்றவை சில ஆண்டுகளிலேயே ஒடிந்தன. இப்படியொரு நிலம் நம் கொங்குச் செம்மண்ணிலும், தஞ்சைக் களிமண்ணிலும், தேரி மணலிலும் இருந்தால் நாம் இவ்வளவு வாதிட வேண்டியிருக்காது. வேளாண் கல்லூரிகளில் படிக்கும் இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இதை எடுத்துச் செய்யுங்கள்.

14 ஜூன் 2022

அடியைத் தீயில் கருக்கி நட்டால் கரையான் ஏறாது என்று நால்வர் எழுதியிருக்கிறார்கள். என் தாத்தாவும் அப்படித்தான் நட்டார் என்பதால் இதை மறுத்து எழுத எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது. கரியைப் பூசணம் உண்ணாது என்பது உண்மை. ஆனால் காய்ந்த கட்டையில் வெடிப்புகள் உண்டு. கரிப்படலம் அந்த வெடிப்புகளை மூடுவதில்லை, தீ புதிய வெடிப்புகளையும் உண்டாக்குகிறது. அவற்றின் வழியே ஈரமும் கரையானும் கரிக்கு உள்ளேயிருக்கும் கருகாத மரத்தை அடைந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, வலிமை வேண்டிய அந்த மண்மட்டத்திலேயே காலின் பருமனும் குறைந்துவிடுகிறது. விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 1910இல் தொடங்கிய அமெரிக்க வனப்பொருள் ஆய்வகமும் கருக்குவதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றே சொல்கிறது. தாத்தா நட்டவை நின்றதற்குக் காரணம் தீ அன்று, அவர் தேர்ந்தெடுத்த முதிர்ந்த கருவேலங்கட்டை என்று இப்போது நினைக்கிறேன்.

கட்டையைத் தலைகீழாக நடுவது பற்றிய கேள்விக்கும் இதே பதில். நுனியை மண்ணில் வைத்தாலும் அடியை வைத்தாலும் ஆயுள் மாறாது. பருமனான முனை மண்ணுக்குள் இருப்பது நல்லது, அவ்வளவுதான்.

15 ஜூன் 2022

கழிவு எஞ்சின் எண்ணெய் பூசாதீர்கள். அதில் பூசணத்தைக் கொல்லும் பொருள் எதுவும் இல்லை. அது மண்ணில் இறங்கி, பக்கத்துக் கிணற்று நீரில் கலக்கும்.

19 ஜூன் 2022

மருந்தேற்றிய கால்கள் பற்றி எழுதாமல் இந்த விவாதம் முழுமை பெறாது. உலகம் முழுவதும் வேலிக்கால்களைப் பச்சை நிறத்தில் நிற்கவைத்த மருந்தைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றின் உப்புகளையும் சேர்த்த அந்தக் கலவையை 1933இல் டேராடூனில் உருவாக்கியவர் சொண்டி காமேசம். செம்பு பூசணத்தைத் தடுக்கிறது, ஆர்செனிக் பூச்சிகளையும் செம்புக்கு அஞ்சாத பூசணங்களையும் தடுக்கிறது, குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து மழையில் கரையாமல் நிறுத்துகிறது. ஆனால் ஆர்செனிக் நஞ்சு. 2003ஆம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு அதை ஏற்றுவதை உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பழைய கால் உங்களிடம் இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் அடுப்பில் வைக்காதீர்கள். சாம்பலிலும் புகையிலும் நஞ்சு இருக்கும்.

இந்த இடத்தில் முதல் நாள் எழுதியதற்கு ஒரு விலக்கு சேர்க்க வேண்டும். வெள்ளை கூடாது என்று எழுதினேன். மருந்தேற்றாத காலுக்கே அது பொருந்தும். அழுத்தத்தில் மருந்தை ஏற்றும்போது அதை உறிஞ்சுவது வெள்ளைதான். வைரத்துக்குள் மருந்து புகாது. எனவே ஆலையில் மருந்தேற்றும் காலுக்கு, வெள்ளை முழுச்சுற்றாக இருக்கும் இளம் உருண்டை மரமே ஏற்றது. அதை அறுத்துச் சதுரமாக்கினால் மருந்தேறிய பகுதியே போய்விடும். வீட்டில் தூரிகையால் பூசுவது மேல்தோலோடு நின்றுவிடும், முதல் வெடிப்பு விழுந்ததும் பயனற்றுப்போகும். போராக்ஸ் கரைசலில் மூங்கிலை ஊறவைக்கலாமே என்றால், கூரைக்கு அது நல்ல வழி. மண்ணில் நட்டால் மழைநீர் அந்த உப்பைக் கரைத்து வெளியே கொண்டுபோய்விடும்.

27 ஜூன் 2022

இத்தனை எழுதிய பிறகு, எனக்கு மிகவும் பிடித்த வேலிக்காலைப் பற்றி இன்னும் எழுதவில்லை என்பது உறுத்துகிறது. அது சாகாத கால்: கிளுவை என்னும் முள்மரம்.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்தில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாடுகள் ஆள்துணையின்றி அதற்குள் மேய்ந்து திரிகின்றன. அந்த வேலியில் இரும்பு இல்லை, கல் இல்லை, மருந்து இல்லை. நட்டவர்கள் மறைந்த பிறகும் வேலி நிற்கிறது. உயிருள்ள மரத்தைக் கரையான் தின்று சாய்ப்பதில்லை, உயிருள்ள வெள்ளையைப் பூசணம் எளிதில் பற்றுவதும் இல்லை. முதல் நாளிலிருந்து நாம் வெள்ளையின் குறையாகப் பேசிவருவதெல்லாம் செத்த வெள்ளையின் குறை.

கிளுவையை இலையுதிர்ந்து நிற்கும் கோடையில், கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்த முள்போத்துகளாக, அதாவது நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டுகளாக வெட்டி, மழைக்கு முன்னால் நெருக்கமாக நட வேண்டும். முதல் ஆண்டில் சில பட்டுப்போகும். அடுத்த கோடையில் அந்த இடைவெளிகளில் மறுபடி நட வேண்டும். இந்தப் பொறுமை இல்லாததால்தான் பலர் கைவிட்டார்கள். கம்பியும் கல்காலும் வந்த பிறகு எங்கள் ஊரிலேயே பல கிளுவை வேலிகளை இயந்திரம் வைத்துப் பெயர்த்துவிட்டார்கள். அவற்றோடு அதில் கூடு கட்டிய குருவிகளும், ஓணானும், கீரியும் போயின. எனக்கு இது ஆறாத வருத்தம்.

28 ஜூன் 2022

கிளுவை மெல்லிய போத்து, அதில் கம்பி கட்டி இழுக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஒதியனை நடலாம். "ஒதி பெருத்தாலும் உத்திரமாகுமா" என்று நம்மவர்கள் அதை ஏளனம் செய்தார்கள். அறுத்த மரமாக அது உதவாது என்பதும் உண்மையே. ஆனால் கைப்பருமனுள்ள ஒதியன் போத்தைக் கால் அளவுக்கு வெட்டி நட்டால் வேர்பிடித்துத் துளிர்க்கும். நீர்வசதி உள்ள இடத்தில் பூவரசும் அப்படியே. வேர் நன்றாகப் பிடிக்கும்வரை கம்பியை விறைப்பாக இழுக்கக் கூடாது. ஆணியை நேராக மரத்தில் அடித்தால் பட்டை வளர்ந்து கம்பியை விழுங்கிவிடும். மரத்தோடு ஒரு சிறு பலகைச் சட்டத்தைக் கட்டி அதில் கம்பியைப் பிணைத்தால் பின்னாளில் கழற்ற முடியும்.

வேலியோரம் சில அடி அகலத்துக்கு வெள்ளாமை குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேரும் நிழலும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

10 ஜூலை 2022

கேள்வி கேட்டவர் தம் பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த உத்திரங்கள் இருப்பதாகவும், அவற்றை மூலைக்கால்களுக்கு வைத்துக்கொண்டு இடையில் கிளுவையும் ஒதியனும் நடப்போவதாகவும் எழுதியிருக்கிறார். மிகவும் மகிழ்ச்சி. கம்பியின் இழுவை முழுவதையும் தாங்குவது மூலைக்கால்கள்தான். நல்ல மரத்தை அங்கே செலவிடுவதே முறை.

உத்திரங்களை அறுக்கும் முன் பழைய ஆணிகளை எல்லாம் தேடிப் பிடுங்கிவிடுங்கள். மரப்பட்டறையில் வாள் பல் உடைந்தால் அவர்கள் அறுக்க மறுப்பார்கள். சுவருக்குள் இருந்த முனைகளைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். ஓசை மந்தமாக இருந்தால் உள்ளே இற்றிருக்கிறது என்று பொருள், அவ்வளவையும் அறுத்து எறிந்துவிடுங்கள். எட்டடி நீளக் காலை இரண்டரை அடியாவது புதைக்க வேண்டும். குழியின் அடியில் நீர் இறங்க ஒரு சாண் சரளை போட்டு, காலை நிறுத்தி, சரளையும் மண்ணுமாகக் கலந்து அரையடிக்கு ஒருமுறை கடப்பாரையின் பின்முனையால் இடித்து இறுக்குங்கள். சுற்றிலும் கான்கிரீட் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். மரம் காய்ந்து சுருங்கும்போது கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்து, மழைநீர் அதில் தேங்கி, நாம் காப்பாற்ற நினைக்கும் அந்த ஒரு சாணையே ஊறவைக்கும். மண்ணைக் காலைச் சுற்றி மேடாக அணைத்து, நீர் விலகி ஓடும்படி விடுங்கள். மேல்முனையைச் சரிவாக அறுங்கள்.

12 ஜூலை 2022

போத்து வேர்பிடிக்கும்வரை ஆடுகளை எப்படித் தடுப்பது என்று அவர் கேட்கிறார். மூலைக்கால்களுக்கு இடையே தற்காலிகச் சவுக்குக் கால்களில் இரண்டு வரிசைக் கம்பி கட்டி, அதன் வெளிப்புறத்தில் இலந்தை முள்ளையோ வேல முள்ளையோ படலாக அடைத்துவிடுங்கள். சவுக்கு இற்றுப்போகும் காலத்துக்குள் ஒதியன் பிடித்துவிடும். பிடிக்காத இடங்களுக்கு மட்டும் அடுத்த கோடையில் புதுப்போத்து வெட்டிக்கொள்ளுங்கள்.